எட்டுச் சாவு, ஒரே முகம்: 'கைண்ட் ஹார்ட்ஸ் அண்ட் கோரனெட்ஸ்' படத்தை எந்த டிஸ்கில் பார்ப்பது?

இந்தப் படத்தைப் பற்றி நான் யாரிடம் பேச ஆரம்பித்தாலும் பத்து நிமிஷத்தில் அதே கேள்விகள்தான் திரும்பி வருகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன். கதை தெரியாமல் பார்க்க நினைப்பவர்கள் முடிவைப் பற்றிய கேள்வியை மட்டும் தாண்டிப் போங்கள், அங்கே எச்சரிக்கை போட்டிருக்கிறேன்.

முதலில் இது என்ன படம்?

1949-இல் லண்டன் ஈலிங் ஸ்டுடியோ எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். இயக்கம் ராபர்ட் ஹாமர். 1907-இல் ராய் ஹார்னிமன் எழுதிய ஒரு நாவலைத் தழுவியது. பெயர் கவிஞர் டென்னிசனின் வரியிலிருந்து வந்தது. பிரபுக்கள் தலையில் வைக்கும் சின்னக் கிரீடத்தைவிட நல்ல மனசு பெரிது என்று அந்த வரி சொல்லும். படத்தில் நல்ல மனசுள்ளவர்களை விரல் விட்டு எண்ணலாம் என்பது வேறு விஷயம்.

கதை இதுதான். டாஸ்காய்ன் என்ற பிரபுக் குடும்பத்துப் பெண் ஓர் இத்தாலியப் பாடகரைக் காதலித்துக் கல்யாணம் செய்துகொள்கிறாள். குடும்பம் தலைமுழுகிவிடுகிறது. கணவன் செத்துப் போக, மகன் லூயியை வறுமையில் வளர்க்கிறாள், நீ யார் வீட்டுப் பிள்ளை தெரியுமா என்று தினமும் சொல்லிச் சொல்லியே வளர்க்கிறாள். சாகும்போது தன்னைக் குடும்பக் கல்லறையில் புதைக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறாள், அதற்கும் அவர்கள் இடம் தரவில்லை. மகன் ஒரு துணிக்கடையில் வேலைக்குப் போகிறான். அங்கே துணி வாங்க வந்த ஒரு டாஸ்காய்ன் பையனால் அந்த வேலையும் போகிறது. அப்புறம் தனக்கும் டியூக் பட்டத்துக்கும் நடுவே நிற்கிற ஒவ்வொருவரையும் வரிசையாக மேலே அனுப்ப ஆரம்பிக்கிறான்.

இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

சொல்கிற விதம்தான். தூக்குப் போடுவதற்கு முந்தின ராத்திரி சிறையில் உட்கார்ந்து லூயி தன் வாழ்க்கைக் கதையை எழுதுகிறான், அதை அவன் குரலிலேயே கேட்கிறோம். லூயியாக வரும் டென்னிஸ் பிரைஸ் அந்தக் குரலை ஒரு இடத்தில்கூட உயர்த்துவதில்லை. ஒருத்தனைத் தண்ணீரில் மூழ்கடித்ததையும் தேநீர் குடித்ததையும் ஒரே தொனியில் சொல்கிறார். ஆரம்பத்தில் வரும் தூக்குப் போடுகிறவர் இன்னும் அருமை. ஒரு டியூக்கைத் தூக்கில் போடும் பாக்கியம் கிடைத்ததே என்று பூரித்துப் போய், அதற்கென்று பட்டுக் கயிறு, எப்படி மரியாதையாகக் கூப்பிடுவது என்கிற கவலை எல்லாம் அவருக்கு. நம்ம ஊர்ப் பழிவாங்கும் படங்களில் கதாநாயகன் கண் சிவந்து பல்லைக் கடிப்பான், இங்கே தொப்பியைக் கழற்றி வணக்கம் சொல்லிவிட்டுக் கொல்கிறான்.

ஒரே நடிகர் எட்டு வேஷமாமே? 'நவராத்திரி' மாதிரியா?

ஆமாம், அலெக் கின்னஸ். டியூக், வங்கிக்காரர், பாதிரியார், ஜெனரல், அட்மிரல், இரண்டு இளைஞர்கள், பெண்கள் உரிமைக்குப் போராடும் ஒரு லேடி அகதா. முதலில் நாலு வேஷம்தான் அவருக்குக் கொடுத்திருந்தார்கள், ஏன் நாலு, எட்டையும் கொடுங்கள் என்று அவரே கேட்டு வாங்கினார். பழைய கதையில் தலைகாட்டும் முந்தைய டியூக்கையும் சேர்த்தால் ஒன்பது.

'நவராத்திரி' 1964-இல் வந்தது. அதிலும் ஒன்பது வேஷம் என்பதைத் தவிர ஒப்பிட ஒன்றுமில்லை. சிவாஜிக்கு ஒவ்வொரு வேஷமும் ஒரு கச்சேரி, நம்மைக் கைதட்ட வைக்காமல் போகமாட்டார். கின்னஸ் இங்கே வருவதும் தெரியாது போவதும் தெரியாது, சில ஆட்கள் ஓரிரு நிமிஷத்தில் காலி. என் கருத்தில் இந்த அடக்கம்தான் வித்தை: எட்டுப் பேரையும் ஒரே குடும்பம் என்று நம்ப வைக்கிறது, அதே சமயம் எட்டுப் பேரும் ஒரே அச்சில் வார்த்த மரமண்டைகள் என்றும் சொல்லாமல் சொல்கிறது. அவரை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதே என்று கேட்பவர்களுக்கு: இலங்கையில் கித்துள்கலையில் எடுத்த 'தி பிரிட்ஜ் ஆன் த ரிவர் குவாய்' படத்தின் கர்னல் அவர்தான், 'ஸ்டார் வார்ஸ்' கிழவரும் அவர்தான்.

ஒரே பிரேமில் ஆறு கின்னஸ் உட்கார்ந்திருக்கிறார்களே, 1949-இல் கம்ப்யூட்டர் ஏது?

ஒரு சாவுக்குக் குடும்பமே தேவாலயத்தில் கூடும் காட்சி அது. ஒளிப்பதிவாளர் டக்ளஸ் ஸ்லோகம்ப் கேமராவை அசையாமல் கட்டிப்போட்டு, லென்ஸுக்கு முன்னால் மறைப்பு வைத்து, ஒரு ஆள் இருக்கும் இடத்தை மட்டும் திறந்து எடுத்தார். அப்புறம் பிலிமைப் பின்னோக்கிச் சுற்றி, அந்த இடத்தை மூடி அடுத்த இடத்தைத் திறந்து, வேஷம் மாற்றிக்கொண்டு வந்த கின்னஸை அங்கே உட்கார வைத்து மறுபடி. இப்படி ஆறு தடவை, எல்லாம் அதே பிலிம் துண்டில். ஒரு தடவை சொதப்பினாலும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பல நாள் ஆனதால், ராத்திரி யாராவது கேமராவில் இடித்துவிடக்கூடாது என்று ஸ்லோகம்ப் ஸ்டுடியோவிலேயே படுத்துத் தூங்கினார். பின்னாளில் முதல் மூன்று 'இந்தியானா ஜோன்ஸ்' படங்களையும் ஒளிப்பதிவு செய்தது இதே மனிதர்தான்.

பழைய கறுப்பு வெள்ளைப் படம்தானே, எந்தப் பிரிண்ட்டில் பார்த்தால் என்ன?

இந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

நான் முதலில் பார்த்தது பாரிமுனைப் பக்கம் ஒரு கடையில் வாங்கிய டிஸ்க். உறையில் பெயரே தப்பாக அச்சடித்திருந்தது. அகலத் திரைக்குப் பொருந்தட்டும் என்று யாரோ படத்தின் மேலும் கீழும் வெட்டியிருந்தார்கள். இந்தப் படம் கிட்டத்தட்டச் சதுரமான பழைய அளவில் எடுத்தது, அதை இன்றைய டிவி அளவுக்கு வெட்டினால் உயரத்தில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு போய்விடும். தேவாலயக் காட்சி வந்தது, போனது. நான் ஆறு பேரை எண்ணவே இல்லை, ஏதோ கூட்டம் உட்கார்ந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். படம் முடிந்ததும் இதற்கா இவ்வளவு புகழ் என்று தோன்றியது. வீட்டில் யாரும் ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை.

சில வருஷம் கழித்து நல்ல புளூரேயில் பார்த்தபோது அது வேறு படம். லூயி ஒரு தோட்டத்தில் உட்கார்ந்து ஈடித் என்ற பெண்மணியோடு தேநீர் குடிக்கிறான். அவள் கணவன் ஹென்றி டாஸ்காய்ன் புகைப்படப் பைத்தியம், இருட்டறையில் படம் கழுவுகிறேன் என்று சொல்லிவிட்டு அங்கே ஒளித்து வைத்திருக்கும் பாட்டிலைத் திறப்பவன். அந்த அறை விளக்கில் மண்ணெண்ணெய்க்குப் பதிலாக லூயி பெட்ரோல் ஊற்றி வைத்திருக்கிறான். இப்போது தோட்டத்தில் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது, நாகரிகமான பேச்சு. ஈடித்துக்குப் பின்னால் தூரத்தில் மெல்லப் புகை எழும்புகிறது. அவள் பார்க்கவில்லை, லூயி பார்க்கிறான், பேச்சை நிறுத்தவில்லை. நகைச்சுவை மொத்தமும் அந்தப் புகையில்தான் இருக்கிறது. என் பழைய டிஸ்கில் வானம் வெளுத்துப் போய்ச் சுண்ணாம்பு அடித்த மாதிரி இருந்ததால் புகையும் தெரியவில்லை, இரண்டு பேர் தேநீர் குடித்தது மட்டும்தான் தெரிந்தது.

அடித்துப் பிடித்து விழுகிற நகைச்சுவை என்றால் எந்த மோசமான பிரிண்ட்டிலும் தப்பித்துவிடும். இது அப்படியில்லை. ஓரத்தில் தெரியும் ஒரு பொருள், ஒரு புருவம், கேட்டும் கேட்காத ஒரு வரி, இவ்வளவுதான் இதன் மூலதனம்.

சரி, என்னென்ன வெளியீடுகள் இருக்கின்றன? எது நல்லது?

நிறைய நாடுகளில் நிறைய வந்திருக்கின்றன, எல்லாவற்றையும் அடுக்கப் போவதில்லை. தெரிந்துகொள்ள வேண்டியவை மூன்று.

அமெரிக்காவில் கிரைடீரியன் என்ற நிறுவனம் 2006-இல் போட்ட இரண்டு டிஸ்க் டிவிடி. அந்தக் காலத்துக்கு மிக நல்ல வேலை, கூடவே வரும் சமாச்சாரங்களுக்காக இன்றைக்கும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் டிவிடி டிவிடிதான், படத்தில் 480 வரிகள்தான் இருக்கும், பெரிய திரையில் முகங்கள் மெழுகு மாதிரி ஆகிவிடும்.

அடுத்து 2011-இல் பிரிட்டனில் ஸ்டுடியோகனால் நிறுவனம் கொண்டுவந்த புளூரே. ஈலிங் படங்களின் உரிமை அவர்களிடம் இருக்கிறது. 1080 வரி, சரியான வேகம், முழு உயரப் படம். மலிவாகக் கிடைத்தால் யோசிக்காமல் வாங்கலாம்.

மூன்றாவது, படத்தின் 70-ஆம் ஆண்டுக்காக 2019-இல் செய்த 4கே (புளூரேயைவிட நுணுக்கமான அளவு) சீரமைப்பு. பிரிட்டனில் ஸ்டுடியோகனாலும் அமெரிக்காவில் கினோ லார்பரும் இதிலிருந்து புளூரே போட்டார்கள். இன்று புதிதாக வாங்குகிறீர்கள் என்றால் இதுதான். புளூரேயில் 1080 வரிதானே, 4கே-யில் செய்து என்ன லாபம் என்று ஒருவர் கேட்டார். பிலிமை நுணுக்கமாக ஸ்கேன் பண்ணி, கீறலும் தூசியும் எடுத்து, சாம்பல் நிறத்தின் படிகளை ஒழுங்குபடுத்திவிட்டு அப்புறம் சுருக்கும்போது, சுருங்கிய படமும் நன்றாகவே இருக்கும். நல்ல பாலைச் சுண்டக் காய்ச்சினால்தானே நல்ல கோவா.

2011 டிஸ்க் ஏற்கெனவே கையில் இருக்கிறவர்கள் அடித்துப் பிடித்து மாற்ற வேண்டுமா? டிவி 40 அங்குலத்துக்குக் கீழே என்றால் வேண்டாம், அந்தக் காசில் வேறொரு ஈலிங் படம் வாங்குங்கள்.

என் டிவிடியில் 102 நிமிஷம்தான் ஓடுகிறது, 106 என்கிறார்களே. வெட்டிவிட்டார்களா?

பெரும்பாலும் இல்லை. சினிமா நொடிக்கு 24 பிரேம் ஓடும். பிரிட்டனின் பால் (PAL) என்ற டிவி முறையில் வரும் டிவிடி நொடிக்கு 25 ஓடும். அந்த ஒரு பிரேம் கூடுதலால் படம் நாலு சதவீதம் வேகமாகி, 106 நிமிஷப் படம் 102-க்குச் சுருங்குகிறது. காட்சி எதுவும் போகவில்லை. ஆனால் குரலின் சுருதி கிட்டத்தட்ட அரைக் கட்டை ஏறிவிடும். மற்ற படங்களில் யாரும் கவனிக்க மாட்டார்கள். இங்கே முழுப் படமும் ஒரு மனிதர் நிதானமாகக் கதை சொல்வது, லூயியின் சிறுவயதுத் தோழி சிபெல்லாவாக வரும் ஜோன் கிரீன்வுட்டின் குரலோ கரகரத்த பாகு மாதிரியான குரல், அதை வேகப்படுத்தினால் பாதி மயக்கம் போய்விடும். அமெரிக்க டிவிடியிலும் எல்லாப் புளூரேயிலும் இந்தப் பிரச்சினை இல்லை.

ஒருவேளை உங்கள் டிஸ்க் அமெரிக்கத் திரையரங்கு வெட்டிலிருந்து வந்திருந்தால் நிஜமாகவே சில நிமிஷம் குறையும். அடுத்த கேள்வியைப் பாருங்கள்.

அமெரிக்காவில் முடிவை மாற்றினார்களாமே? (படம் பார்க்காதவர்கள் தாண்டவும்)

மாற்றினார்கள். அசல் முடிவில் லூயி செய்யாத ஒரு கொலைக்காகத் தண்டிக்கப்பட்டு, கடைசி நேரத்தில் விடுதலை ஆகிறான். செய்த கொலைகள் யாருக்கும் தெரியாது. சிறை வாசலில் இரண்டு பெண்கள் இரண்டு வண்டிகளில் காத்திருக்கிறார்கள், எதில் ஏறுவது என்று திகைக்கிறான். அப்போது ஒரு பத்திரிகைக்காரர் வந்து உங்கள் சுயசரிதையை எங்களுக்குத் தருவீர்களா என்று கேட்க, அப்போதுதான் லூயிக்கு உறைக்கிறது: எல்லாக் கொலையையும் எழுதி வைத்த காகிதக் கட்டை அறையிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறான். மேஜை மேல் அந்தக் காகிதங்களைக் காட்டுவதோடு படம் முடிகிறது. மாட்டினானா, திரும்ப ஓடிப் போய் எடுத்தானா, நம் யோசனைக்கு.

அன்றைய அமெரிக்கத் தணிக்கை விதிப்படி குற்றவாளி தப்பிக்கக் கூடாது. அதனால் அந்தக் காகிதங்கள் அதிகாரிகள் கையில் சிக்குவதாகச் சில நொடிகள் ஒட்டினார்கள். அதோடு லூயியும் சிபெல்லாவும் வைத்திருக்கும் கள்ள உறவைப் பற்றிய பேச்சையும் பாதிரியாரைக் கிண்டல் செய்யும் இடங்களையும் குறைத்தார்கள். எனக்கு இது சுத்தமாகப் பிடிக்கவில்லை, கடைசி விடுகதைக்கு விடையைப் பக்கத்திலேயே அச்சடித்த மாதிரி. கிரைடீரியன் டிவிடியில் அசல் முடிவோடுதான் படம் இருக்கிறது, அமெரிக்க முடிவைத் தனியாக வைத்திருக்கிறார்கள். படத்தைப் பார்த்த பிறகு அதையும் ஒரு தடவை பாருங்கள், சில நொடி ஒரு படத்தை எவ்வளவு சின்னதாக்கிவிடும் என்று தெரியும்.

குழந்தைகளோடு பார்க்கலாமா?

ரத்தம் இல்லை. ஆனால் ஒரு குழந்தைப் பாட்டைச் சொல்லும் இடத்தில் கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் சொல் அசல் வெட்டில் வருகிறது, அந்தக் காலத்து இங்கிலாந்தில் வாய் கூசாமல் சொன்ன சொல். அமெரிக்க வெட்டில் அதை 'மாலுமி' என்று மாற்றினார்கள், அந்த வெட்டில் உருப்படியான ஒரே திருத்தம் அதுதான். பிள்ளைகள் கூட இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

புளூரேயில் படம் முழுக்க மணல் தூவிய மாதிரி புள்ளி புள்ளியாக இருக்கிறது. டிஸ்க் பழுதா?

இல்லை, அது பிலிமின் கிரெயின். வெள்ளித் துகள்களால்தான் அந்தப் படமே ஆனது. அதைத் துடைத்தால் தோலின் சுருக்கமும் துணியின் நெசவும் சேர்ந்தே போய்விடும். இந்தப் படத்தில் ஒட்டு மீசை, பொய் மூக்கு, பவுடர் எல்லாவற்றையும் தாண்டி ஒரே ஆளின் கண் தெரிய வேண்டும், துடைத்த பிரிண்ட்டில் எட்டுப் பேரும் எட்டு பொம்மைகள். யாராவது செயற்கை நுண்ணறிவு வைத்துப் பளபளப்பாக்கி யூடியூபில் ஏற்றிய பிரதி கிடைத்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

ஆறு கின்னஸ் காட்சியில் மட்டும் கிரெயின் கொஞ்சம் வேறாகவும், ஓரங்கள் லேசாக மங்கியும் தெரிந்தால் கவலைப்படாதீர்கள், அங்கேதான் மறைப்பின் விளிம்பு விழுகிறது. அதைத் தேடிக் கண்டுபிடிப்பதே ஒரு சுகம்.

டிவியில் ஏதாவது மாற்ற வேண்டுமா?

படத்தை வழவழப்பாக ஓட்டும் மோஷன் வசதியை அணையுங்கள், இல்லாவிட்டால் சீரியல் மாதிரி இருக்கும். இரு பக்கமும் கறுப்புப் பட்டை வரும், வரட்டும், இழுத்து நிரப்பாதீர்கள். அப்புறம் வண்ண வெப்பத்தை 'வார்ம்' பக்கம் வையுங்கள், 'கூல்' வைத்தால் கறுப்பு வெள்ளை நீலம் பாய்ந்துவிடும்.

சத்தம், சப்டைட்டில்?

ஒலி மோனோதான், அசலே அப்படித்தான். ஆறு ஸ்பீக்கர் வைத்திருப்பவர்கள் மனசைத் தேற்றிக்கொள்ளுங்கள். நான் பார்த்த எந்த டிஸ்கிலும் தமிழ் சப்டைட்டில் இல்லை. ஆங்கில சப்டைட்டிலைப் போட்டுக்கொள்வதில் வெட்கமே வேண்டாம், ஆங்கிலம் சரளமாகப் பேசுகிறவர்களும் போட்டுக்கொள்ள வேண்டிய படம் இது. லூயி பேசுவது நூறு வருஷத்துக்கு முந்தைய பிரபு ஆங்கிலம், ஒரு வாக்கியம் வளைந்து வளைந்து போய்க் கடைசி வார்த்தையில்தான் கொட்டும். லேடி அகதா பலூனில் பறந்து துண்டறிக்கை வீசும்போது லூயி அம்பு விட்டு பலூனைக் கிழிக்கிறான், அதற்கு அவன் சொல்லும் இரண்டு வரி ஒரு பள்ளிக்கூடப் பாட்டின் எதுகையைத் திருப்பிப் போட்டது. எழுத்தில் பார்த்தால்தான் பிடிபடும்.

வெளிநாட்டிலிருந்து வாங்கினால் நம் பிளேயரில் ஓடுமா?

இங்கேதான் நிறையப் பேர் காசை விடுகிறார்கள், நானும் விட்டிருக்கிறேன். டிஸ்க் வந்து சேர்ந்த அன்று சாயங்காலம் நண்பர்களைக் கூப்பிட்டு, பஜ்ஜி எல்லாம் போட்டு, டிஸ்க்கை உள்ளே தள்ளினால் 'இந்த மண்டலத்தில் ஓடாது' என்று திரையில் ஒரு வரி. அன்றைக்குக் கடைசியில் கிரிக்கெட்தான் பார்த்தோம்.

எந்த நாட்டுப் பிளேயரில் ஓடும் என்று டிஸ்க்குகளை மண்டலம் மண்டலமாகப் பூட்டி விற்கிறார்கள். இந்தியா, இலங்கை இரண்டும் புளூரேயில் சி மண்டலம். பிரிட்டன் பி, அமெரிக்கா ஏ. டிவிடியில் நாம் 5, பிரிட்டன் 2, அமெரிக்கா 1. சிங்கப்பூர், மலேசியாவில் இருக்கிறவர்களுக்கு புளூரே ஏ மண்டலம் என்பதால் அமெரிக்க டிஸ்க் சிக்கலில்லாமல் ஓடும். லண்டன், பாரிஸ் ஆட்களுக்கு பிரிட்டன் டிஸ்க். ஊரில் இருக்கிறவர்கள் எல்லா மண்டலமும் ஓடுகிற பிளேயரை வாங்கிவிட்டு அப்புறம் டிஸ்க் வாங்குங்கள், வரிசையை மாற்றாதீர்கள். விற்பவர் 'எல்லா நாட்டிலும் ஓடும்' என்று சொன்னால் உறையின் பின்பக்கப் படத்தைக் கேட்டு மண்டலக் குறியைப் பாருங்கள்.

கூடுதல் சமாச்சாரங்களில் எது பார்க்கத் தகுந்தது?

கிரைடீரியனில் ஈலிங் ஸ்டுடியோ பற்றிய பிபிசி ஆவணப்படமும், 1977-இல் அலெக் கின்னஸ் கலந்துகொண்ட நீண்ட பிபிசி பேட்டியும் இருக்கின்றன. பேட்டியைத் தவறவிடாதீர்கள். அவ்வளவு வேஷம் போட்ட மனிதர் வேஷமில்லாமல் உட்கார்ந்திருக்கும்போது எவ்வளவு சங்கோஜப்படுகிறார் என்று பாருங்கள். பிரிட்டன் புளூரேயில் இயக்குநர் டெரன்ஸ் டேவிஸும் கின்னஸின் மகனும் ஒரு விமர்சகரோடு சேர்ந்து பேசும் ஒலித்தடம் உண்டு. மற்றதெல்லாம் நேரம் இருந்தால்.

டிஸ்க் வந்துவிட்டது. நல்ல பிரதிதானா என்று எப்படிச் சோதிப்பது?

மூன்று இடம் போதும். தோட்டத்துத் தேநீரில் புகை தெரிகிறதா பாருங்கள். அட்மிரல் கப்பலோடு மூழ்கும்போது கையை நெற்றியில் வைத்து வணக்கம் சொன்னபடியே இறங்குகிறார், தண்ணீர் தலைக்கு மேலே போன பிறகு தொப்பி மட்டும் மிதக்கும். மோசமான பிரதியில் தொப்பியும் தண்ணீரும் ஒரே கறுப்பு.

மூன்றாவது, லூயியின் அம்மா விட்டுப்போன கோட்டைப் படம். அதைத் திருப்பினால் பின்பக்கத்தில் குடும்ப மரம், ஒவ்வொரு சாவுக்கும் பிறகு லூயி அதில் ஒரு பெயரை அடிப்பான். நிறுத்தி வைத்துப் பெயர்களைப் படித்துப் பாருங்கள். படிக்க முடிந்தால் நல்ல பிரதி. முடியாவிட்டால் கடைக்காரருக்குத் திருப்பி அனுப்புங்கள், உறையைக் கிழிக்காமல் பிரித்திருந்தால் மாற்றிக் கொடுப்பார்கள்.